எங்கே இருட்டு வேணும்?

போன மாதம் ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. பச்சை, சிவப்பு, ஊதா என்று விளக்குகள் மாறி மாறிக் கண்ணில் அடித்ததில், மேடை என்று ஒன்று இருந்ததே சந்தேகமாகத்தான் இருந்தது. பக்கத்தில் சாப்பிட்டவர் பாயசம் என்று நினைத்து ரசத்தைத் தூக்கிக் குடித்தார். குடித்துவிட்டு, மரியாதை கருதி மிச்சத்தையும் முடித்தார்.

வாசலில் அந்த விளக்கு வேலையை எடுத்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் பெரிய வரைபடம் வேறு.

“ஐயா, நீங்க அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு லைட்டு போட்டவங்களாமே. நம்ம வேல எப்புடி?”

“மொத்தம் எத்தன லைட்டு?”

“நூத்தி நாப்பதுங்க.”

“அதுல பொண்ணு மூஞ்சிக்கு எத்தன?”

படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கடைசிவரை அவருக்குப் பெண் இருக்கும் இடம் அகப்படவில்லை. பிறகு, “நீங்க வேல செஞ்ச விதத்த எழுதிக் குடுங்கய்யா, எங்க ஆளுங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்” என்றார். பேச்சை முடிக்கச் சொன்ன வார்த்தைதான் அது. வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். அவருக்காக இல்லை, எனக்கு ஆத்திரம் தீரவேண்டும்.

நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கவ்வாத்துக் கத்தி பிடிக்க என் கை வணங்கவில்லை. தேயிலைச் செடியை வெட்டச் சொன்னால் என் விரலை வெட்டிக்கொண்டேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் ஹட்டனில் சாலிஹ் முதலாளியின் கடையில் சேர்ந்தேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடை அது. முதல் இரண்டு வருடம் கண்ணாடி துடைத்தேன், லாம்பெண்ணெய் வடிகட்டினேன். அதற்குமேல் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். அந்த விளக்கில் எரிவது திரி இல்லை. மேன்டில் என்று ஒரு சின்ன வலைப்பை. அதைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் துணி எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலே பையின் வடிவத்தில் தொங்கும். பிறகு பம்பால் காற்றடித்தால் அந்தச் சாம்பல்தான் பளீரென்று வெளிச்சம் கொடுக்கும். லேசாக ஆட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் மேன்டிலைக் கடையில் எரிக்கமாட்டோம். விளக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எரிப்போம். எரித்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க நேர்ந்தால், தூங்கும் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பது மாதிரி நடக்கவேண்டும். இன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைக்கிறார்கள்.

சாலிஹ் முதலாளி ஒரு தினுசான மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும், ஆனால் விரிக்கமாட்டார், அதை நீட்டி இடத்தைச் சுட்டிக்காட்டுவார். விளக்கு கேட்டு யார் வந்தாலும், எத்தனை விளக்கு, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கமாட்டார். பகல் நேரத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கே போவார். முற்றத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“எங்க இருட்டு வேணும்?”

வெளிச்சத்துக்கு வந்தவர்களிடம் இருட்டைக் கேட்டால் விழிக்கத்தானே செய்வார்கள். முதலாளி விடமாட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? பொம்பளைகள் ஒதுங்கப் போகும் பாதை எது? சோறு பரிமாறும் இடத்துக்கு மேலே விளக்கு தொங்கினால் பூச்சி எல்லாம் இலையில் விழுமே, அது வேண்டுமா? இப்படிக் கேட்டுக்கொண்டே போவார். காகிதத்தில் ஒன்றும் எழுதமாட்டார். விளக்கு வரும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றுவார். இருட்டாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கல்லை வைப்பார். குச்சியும் கல்லும் சரியாக அமைந்த பிறகுதான் எத்தனை விளக்கு என்று எண்ணுவார். அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

பிழைத்ததெல்லாம் எங்கள் பேச்சைக் கேட்காத பெரிய மனிதர்களால்தான். ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணி, வெள்ளைக்காரத் துரை வரப்போகிறார் என்று எட்டு விளக்கையும் துரையின் நாற்காலியைச் சுற்றியே மாட்டச் சொன்னார். துரை வந்தார், உட்கார்ந்தார், கிளாசுக்குள் மூன்று விட்டில்பூச்சி விழுந்தது, எழுந்து போய்விட்டார். அதன்பிறகு அந்தக் காலி நாற்காலி மட்டும் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. சம்பந்தி வீட்டார் இருட்டில் இலையைத் தடவித் தடவிச் சாப்பிட்டார்கள். இன்னொரு தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர், பெட்ரோமாக்ஸ் என்றால் மட்டம் என்று தொழிற்சாலை இன்ஜினிலிருந்து கம்பி இழுத்து பல்பு மாட்டினார். சரியாக ஆராத்தி எடுக்கும் நேரத்தில் இன்ஜின் டிரைவர் அதை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். கம்பி இழுக்கத் துரையிடம் உத்தரவு வாங்கினவருக்கு, டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. ஒரே ஒரு கல்யாணம் அப்படி இல்லை. அதை நினைத்தால் அந்தப் பெரிய மனிதர்கள் மேல் வருகிற இளப்பத்தில் கொஞ்சம் என் மேலும் வரும்.

ஐம்பதுகளின் கடைசி. வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளைக்கு ஒரே மகள், பெயர் கமலம். மாப்பிள்ளை தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். விடியற்காலை முகூர்த்தம் பெண் வீட்டு முற்றத்தில், அன்று மாலை ரிசப்ஷன் தலவாக்கலையில் மாப்பிள்ளையின் உறவினர் கடை மாடியில். இரண்டுக்கும் வெளிச்சம் எங்கள் கடைதான்.

கணக்கப்பிள்ளை காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுகிறவர். கல்யாண வீட்டிலும் எங்களை எண்ணுகிற மாதிரிதான் பார்த்தார். முதலாளி வழக்கம்போல முற்றத்தில் நின்று கேட்டார்.

“எங்க இருட்டு வேணும்?”

எல்லோரும் விழிக்கிற கேள்விக்குக் கணக்கப்பிள்ளை விழிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மணவறையில, பொண்ணுக்கு எடது பக்கம்.”

முதலாளி காரணம் கேட்கவில்லை. காரணம் தோட்டத்துக்கே தெரியும். கமலத்துக்கு இடது காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. ஒட்டுகிற நோயில்லை என்று தோட்டத்து டாக்டரையா சொல்லியாகிவிட்டது. அதைக் கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய்க் குஷ்டம் என்று வேறு பெயர் சொன்னார்கள். அதனால் இரண்டு இடம் முறிந்துபோயிருந்தது. இந்த மூன்றாவது மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது, சடையை இடது தோளில் முன்னால் போட்டு, தலை நிறையப் பூவை வைத்து மறைத்துவிட்டார்கள். தாலி கட்டும்போதும் மறைத்துவிட்டால், கட்டின தாலியை யாரும் கழற்றமாட்டார்கள் என்பது கணக்கப்பிள்ளையின் கணக்கு.

முதலாளி குனிந்து ஒரு கல்லை எடுத்து, மணவறையில் பெண் உட்காரப்போகும் இடத்துக்கு முன்னால், இடது ஓரமாக வைத்தார். “சரி” என்றார். அவ்வளவுதான்.

திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போதுதான் மற்றதைச் சொன்னார்.

“மாப்புளட வாப்பா நேத்து கடைக்கி வந்த. மாப்புள நடக்கிற எடம், இரிக்கிற எடம் எல்லாம் பகல் மாதிரி ஈக்கோணுமாம். மணவறைலயும்.”

“என்ன மொதலாளி இது? இவரு இருட்டுங்குறாரு, அவரு பகலுங்குறாரு. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுல்ல ஒக்காருவாங்க?”

“ரெண்டு பேருக்கும் சரிண்டு செல்லீட்டன். எப்புடிச் செய்யிறண்டு நீ பாரு. ஒரு ஊட்டுட கதைய மத்த ஊட்டுல செல்லப்படாது.”

மாப்பிள்ளையின் தகப்பனார் ஜம்பத்துக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். சம்பந்தி வீட்டு வாசலில் பகலைக் கொண்டுவந்து வைத்தால்தான் இவருக்கெல்லாம் பெருமை என்று மனதுக்குள் திட்டினேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் கம்பு நட்டுக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். கமலம் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் அந்தக் கல்.

“அண்ணே, இந்தக் கல்ல எதுக்கு நான் ஒக்காருற எடத்துக்கு முன்னுக்கு வச்சிருக்கீங்க?”

“அது லைட்டுக்கு அடையாளம்மா.”

“பொய் சொல்லாதீங்க. லைட்டுக்குக் குச்சி, இருட்டுக்குக் கல்லு. நீங்க வந்தன்னைக்கு ஜன்னல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு.”

கொக்கியை முறுக்கினேன்.

“இங்க ஒரு லைட்டு வைங்கண்ணே. தாலி கட்டுறதுக்கு முன்ன அவரு பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னா போகட்டும். ரெண்டு பேரு போயிருக்காங்க, இவரும் போகட்டும். பாக்காம கட்டிட்டு மறுநா பாத்தாருன்னா, ஆயுசு பூராவும் அந்த வீட்டுல நான் ஏமாத்தி வந்தவதான். எங்கப்பாவா அங்க வந்து குடும்பம் நடத்தப் போறாரு?”

“ஒங்கப்பா சொன்னதத்தாம்மா நான் செய்ய முடியும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லை என் சாமான் பெட்டியின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் அந்தக் கல்லை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். துரைக்கு எட்டு விளக்கு மாட்டிய கங்காணியைப் பார்த்துச் சிரித்தவன் நான். கணக்கப்பிள்ளை என்றதும் நானும் அந்தக் கங்காணியைப் போலத்தான் வளைந்தேன்.

அதுகூடப் போகட்டும். நான் செய்த வேலை அதைவிடக் கேவலம். இரண்டு அப்பன்மாரின் விருப்பத்தையும் ஒரே விளக்கில் நிறைவேற்ற வழி கண்டுபிடித்தேன். மணவறையில் பெண் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் உட்காருவாள். அதனால் அவளுடைய இடது கழுத்து மாப்பிள்ளையின் பக்கம் இருக்கும். விளக்கை மாப்பிள்ளைக்குப் பின்னால், இடது ஓரத்தில், உயரமாக மாட்டினேன். மாப்பிள்ளை இருக்கும் இடம் பகலாகிவிடும். மாப்பிள்ளையின் நிழல் அவள் கழுத்தில் விழும். அவரை வைத்தே அவரிடமிருந்து அவளை மறைத்தேன். அதை முடித்துவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு பீடி பற்றவைத்தேன்.

விடியப்புறம், இருட்டு இருக்கும்போதே மாப்பிள்ளை வந்தார். படிக்கு ஒரு விளக்கு வைத்திருந்தேன், ஊசி விழுந்தால் எடுக்கலாம். அப்படியிருந்தும் மாப்பிள்ளையின் தகப்பனார் மகன் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வாத்தியார் ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி ஏறினார். விடியும் முன்பே போட்டுவிட்டாரா என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைத் தாண்டிப் போனபோது சாராய வாடை இல்லை. ஆனால் மூக்கின் இரண்டு பக்கத்திலும் சிவப்பாக இரண்டு பள்ளம் இருந்தது. கண்ணாடி போடுகிறவர்களின் மூக்கில்தான் அப்படி அழுந்தியிருக்கும். மூக்கில் கண்ணாடியைக் காணோம். அப்போதுதான் ‘பகல் மாதிரி’ என்றதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் தாலிக்கு முன்பே மாலை மாற்றுவார்கள். கமலம் முதலில் போட்டாள். வாத்தியார் மாலையைத் தூக்கி அவள் கழுத்துக்குப் போட்டார், அது அவள் ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு தொங்கியது. பொம்பளைகள் சிரித்தார்கள். கமலம் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் அவளுக்கு ஒரு முழம் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் மணவறையில் உட்கார்ந்ததும் பூசாரி தாலித் தட்டை நீட்டினார். கமலம் சத்தமாகக் கூப்பிட்டாள்.

“லைட்டுக்காரண்ணே! அந்த லைட்ட முன்னுக்குக் கொண்டாங்க.”

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். கணக்கப்பிள்ளை, “வேணாம், வேணாம், இருக்குற எடத்துலயே இருக்கட்டும்!” என்று கத்தினார். மாப்பிள்ளையின் தகப்பனார், விஷயம் தெரியாமல், “கொண்டாங்க, கொண்டாங்க, எங்களுக்கு வெளிச்சந்தான் வேணும்!” என்று கத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

நான் கொக்கியிலிருந்து விளக்கைக் கழற்றினேன். தைரியம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எட்டு அடி தூரம்தான், ஆனால் பாய், தட்டு, தேங்காய், கால்கள். எங்கேயாவது இடித்து மேன்டில் உதிர்ந்தால் மணவறை இருட்டாகிவிடும். தாலி கட்டும் நேரத்தில் விளக்கு அணைந்தது என்று ஊர் பிடித்துக்கொள்ளும், அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும். மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன். கல்லைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்திலேயே விளக்கை வைத்தேன். மேன்டில் ஆடவில்லை.

கமலம் சடையை எடுத்துப் பின்னால் போட்டாள். பூவை ஒதுக்கினாள். கழுத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். கூட்டத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள். கணக்கப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“என்னா காட்டுறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

பிறகு நிமிர்ந்தார். “அப்பா, கண்ணாடியக் குடுங்க.”

“எந்தக் கண்ணாடிப்பா? ஒனக்கு எதுக்குக் கண்ணாடி?”

“ஒங்க கோட்டுப் பையில இருக்குறது.”

தகப்பனார் பையைக் கையால் பொத்திக்கொண்டார். வாத்தியார் எழுந்து, தடவிப் பிடித்து, அந்தக் கோட்டுப் பைக்குள் தானே கையை விட்டு எடுத்தார். கண்ணாடியா அது, சோடாப் போத்தலின் அடிப்பாகம்! அதை மாட்டிக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். முதலில் கழுத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார், அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என்னாங்க?”

“வெள்ளத் திட்டு. ஒட்டாதுன்னு டாக்டரையா சொன்னாரு. இன்னும் பெருசாகுமான்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டாரு.”

“எனக்கு இது இல்லாட்டி கரும்பலகையே தெரியாதுங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்கள நான் பாக்கவே இல்ல. செவப்பா ஒரு சீல தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான்.”

“இப்பப் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்.”

“அப்பக் கட்டுங்க. இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

அவர் கண்ணாடியை மூக்கில் சரியாகத் தள்ளிவிட்டுக்கொண்டு தாலியை எடுத்தார். முடிச்சுப் போட நாத்தனார் கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மூன்றையும் அவரே போட்டார். மேளம் தாமதமாகத்தான் தொடங்கியது, மேளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. விளக்கு சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

மாலையில் தலவாக்கலைக்குப் போனால், கணக்கப்பிள்ளை எனக்கு முன்பே வந்து முதலாளியிடம் முறையிட்டு முடித்திருந்தார். முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“கல்லு வெச்ச எடத்துல லைட்ட வெச்சியாமே?”

“ஆமா மொதலாளி.”

“மேன்டில் ஒடஞ்சிச்சா?”

“இல்ல.”

“அப்ப என்னத்துக்கு இங்க நிக்கிற? மேல போ. ஆக்கள் வாராங்க.”

மாடியில் மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டபடி பன்னிரண்டு விளக்கும் பகலாக எரிந்தன. மகன் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்க, இனி அந்தப் பகல் எதற்கு என்று அவருக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஜம்பம் என்று நான் தவறாக நினைத்தது, இப்போது சரியாகவே ஜம்பமாகிவிட்டது. வட்டகொடையில் நடந்த கதை பஸ்ஸுக்கு முன்பே தலவாக்கலைக்கு வந்து சேர்ந்திருந்தது. வந்தவர்கள் பரிசைக் கொடுக்கும் சாக்கில் பெண்ணுக்கு இடது பக்கமாகவே சுற்றி வந்தார்கள். பட்டுச் சேலை கட்டிய மூன்று பெண்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஆசீர்வாதம் பண்ண மறந்து போனார்கள்.

கமலம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். முன்னால் எரிந்த இரண்டு விளக்கையும் காட்டினாள்.

“அண்ணே, இது ரெண்டையும் கொண்டுபோயி படிக்கட்டுல மாட்டுங்க. அங்க வயசானவங்க ஏற முடியாமத் தடுமாறுறாங்க.”

“காலையில நீங்கதானம்மா முன்னுக்குக் கொண்டாரச் சொன்னீங்க?”

“காலையில பாக்க வேண்டியவரு பாத்துட்டாருண்ணே” என்றாள். “இவங்களுக்கு எதுக்கு?”